ஒசாகாவுக்குத் துபாயில் ஓர் ஒத்திகை

என் ராத்தாவின் வீட்டுக்காரரை நான் மச்சான் என்றுதான் அழைக்கிறேன். அக்காளை ராத்தா என்பதும் அவள் புருஷனை மச்சான் என்பதும் எங்கள் ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கம் முறை. முறை என்று ஒன்று இல்லாவிட்டால் அவரை வேறு விதமாக அழைத்திருப்பேன். அதை எழுத முடியாது.

மச்சானுக்குத் துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. விசிட்டிங் கார்டில் பிளானிங் மேனேஜர் என்று போட்டிருக்கும். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர்கள் எப்போது கிளம்ப வேண்டும் என்று அவர் திட்டம் போடுவார். லாரிகள் தமக்குத் தோதான நேரத்தில் கிளம்பும். இந்த ஏற்பாடு பல வருடங்களாக இரு தரப்புக்கும் ஒத்துப்போகிறது. ஆபீசில் யாரும் மதிக்காத திட்டத்தை எங்காவது மதிக்க வைக்க வேண்டுமே, அதற்காக வீட்டில் திட்டம் போடுவார். ராத்தா எந்தக் கிழமை எந்த மீன் வாங்க வேண்டும் என்பதுகூட ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். அவள் அதைப் பார்த்து நான் அறியேன்.

நாங்கள் இருப்பது துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், அல் ஐனில். என் வீட்டுக்காரர் அங்கே சனையா என்கிற தொழிற்பேட்டையில் பெயின்ட், ஆணி, குழாய் விற்கிற கடை வைத்திருக்கிறார். எங்கள் பிள்ளைகள் ஊரில் காலேஜ் படிக்கிறார்கள், ராத்தாவின் மகன் கனடாவில். ஆக லீவு விட்டால் நாங்கள் நாலு பேர்தான்.

லீவு என்றால் முன்பெல்லாம் ஊருக்குப் போவது. இப்போது ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால், வேலை போய்விட்டதா என்று கேட்கிறார்கள். முதலில் எல்லோரும் ஜார்ஜியா போனார்கள். பனியில் நின்று இரண்டு கையையும் விரித்து ஒரு போட்டோ. அடுத்த வருடம் அஜர்பைஜான். அதே பனி, அதே கை. சவூதியில் தம்மாமில் இருக்கும் மச்சானின் தம்பி இதையெல்லாம் தாண்டி ஜப்பானுக்கே போய் வந்தார். ஒசாகாவில் ஒரு வாய்க்கால் ஓரம் நின்று, குச்சியில் எதையோ குத்தி வாயருகே வைத்த படத்தைக் குடும்பக் குழுவில் போட்டார். அன்று போன தூக்கம் மச்சானுக்கு விசா வந்த பிறகும் திரும்பவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எங்களை அல் குசைஸில் இருக்கும் அவர் ஃப்ளாட்டுக்கு வரச் சொன்னார். பிரியாணி என்று நினைத்துப் போனோம். பிரியாணியும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் டிவியில் லேப்டாப்பை இணைத்து வைத்திருந்தார். டிசம்பரில் போகிற பயணம். அதில் மற்ற நாட்களெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. ஒசாகா நாள்தான் முக்கியம். காலையில் ரயில், கோட்டை, மீன் மார்க்கெட், பிறகு கூரை போட்ட நீளமான கடைத்தெரு, சாயங்காலம் வாய்க்கால் ஓரத்தில் தெருச் சாப்பாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கழிவறைக்குச் சாம்பல் நிறம். அது இரண்டு இடத்தில்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நிறத்துக்கும் தலையாட்டினார். அவர் கடையில் யார் வந்து எந்த நிறம் கேட்டாலும் அப்படித்தான் ஆட்டுவார்.

ஜப்பானைப் பற்றி மச்சானுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. எல்லாம் வீடியோவில் பார்த்தது. ஜப்பான்காரன் ரயிலில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது. ஜப்பான்காரன் நடந்துகொண்டே சாப்பிட மாட்டான். ஜப்பான்காரன் குப்பையைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவான். இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர், சாப்பிட்ட சமோசாவின் எண்ணெயைச் சோபா உறையில் துடைத்தார். ராத்தா அந்த உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பேசி முடித்ததும், திரையில் வந்த முட்டை தோசை மாதிரியான பண்டத்தில் பன்றி போடுவார்களாமே என்று நான் கேட்டேன். அதற்கு ஒரு ஹலால் கடை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு ராத்தா தட்டுகளை அடுக்கியபடியே கேட்டாள்.

"இதுல எங்கன உக்கார்றது?"

மச்சானுக்குப் புரியவில்லை. ரயிலில் உட்காரலாம் என்றார். அடுத்த நொடியே, அந்த நேரத்து ரயிலில் கூட்டம் இருக்கும், நின்றுதான் போக வேண்டியிருக்கும் என்று தன்னையே திருத்திக்கொண்டார். ராத்தாவுக்கு முழங்காலில் தேய்மானம். மாடிப்படி ஏறினால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவருக்கு இது தெரியாத விஷயமில்லை. டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் போட்டவரே அவர்தான். ஆனால் டாக்டர் வேறு கோப்பு, ஒசாகா வேறு கோப்பு.

அந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த விடை எங்கள் யாருக்கும் தோன்றியிருக்காது. ஒத்திகை. ஒசாகாவில் நடக்க வேண்டிய நாளை அப்படியே துபாயில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டால் ராத்தாவுக்குப் பழகிவிடும் என்றார். ஸ்டாமினா என்ற சொல்லை அன்று பலமுறை உபயோகித்தார். துபாய் நடுவில் ஓடுகிற கிரீக்தான் ஒசாகா வாய்க்கால். பர் துபாய் துணி மார்க்கெட்தான் கூரை போட்ட கடைத்தெரு. மெட்ரோதான் ஜப்பான் ரயில். தெருச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய மாலில் ஜப்பான் கடை இருக்கிறது. கோட்டைக்கு மட்டும் துபாயில் பொருத்தமான இடம் கிடைக்காததால் அதற்குப் பதிலாக ஒரு பாலத்தில் ஏறி இறங்கலாம் என்று முடிவானது.

டிசம்பர் ஒசாகாவுக்கு செப்டம்பர் துபாயில் ஒத்திகை. வெளியே கால் வைத்தால் மூக்குக்கண்ணாடி வியர்த்துப்போகிற மாதம். அதையும் கேட்டேன். இந்த வெயிலில் நடந்தவனுக்கு அந்தக் குளிர் ஒன்றுமே இல்லை என்றார். என் வீட்டுக்காரர் அதற்கும் தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு விடியற்காலையில் அல் ஐனிலிருந்து கிளம்பினோம். மச்சான் அவர் ஃப்ளாட்டுக்குக் கீழே ரெடியாக நின்றார். தலையில் தொப்பி, காலில் புது ஷூ, முதுகில் பை. எங்களுக்கும் ஆளுக்கொரு பை வைத்திருந்தார். உள்ளே கனத்துக்காகத் தண்ணீர் பாட்டில்களை அடுக்கியிருந்தார். ஜப்பானில் வாங்குகிற சாமான் அந்தக் கனம் இருக்குமாம். ராத்தாவின் பையை நான் மெட்ரோ ஸ்டேஷனிலேயே வாங்கி, பாட்டில்களை வாசலில் நின்ற துப்புரவுத் தொழிலாளிகளிடம் கொடுத்துவிட்டேன். அன்று யாருக்காவது பயன்பட்ட காரியம் அது ஒன்றுதான்.

பாலம் ஏறினோம், இறங்கினோம். டெய்ராவில் படகில் ஏறினோம். படகில் உட்கார மரப்பலகை உண்டு. ராத்தா உட்கார்ந்தாள். அக்கரை வரும் வரை அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். மச்சான் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி மார்க்கெட்டில் எதுவும் வாங்கக் கூடாது, வாங்குகிற மாதிரி கடைகளுக்குள் ஏறி இறங்க மட்டும் வேண்டும் என்பது உத்தரவு. சிந்திக் கடைக்காரர்கள் சால்வைகளை விரித்து விரித்துக் காட்டினார்கள். மச்சான் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, அடுத்த கடைக்கு நேரமாகிவிட்டது என்று வெளியேறினார். மூன்றாவது கடைக்காரர், என்னதான் வேண்டும் பாய் என்று இந்தியில் கேட்டார். மச்சான் பிராக்டிஸ் என்றார். அந்த ஆள் சால்வையை மடித்த விதத்தில் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

மதியத்துக்குள் ராத்தா காலை இழுத்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாலுக்குப் போகலாம், அங்கே ஏசி இருக்கும் என்று நான் அவசரப்படுத்தினேன். அட்டவணையில் மாலுக்கு இன்னும் நேரமிருந்தது. மச்சான் எங்களை ஒரு கட்டட நிழலில் நிற்க வைத்தார். அவர் சொன்ன நேரம் வரும் வரை நின்றோம். நாலு பெரியவர்கள், முதுகில் பையோடு, ஒரு மொபைல் கடை வாசலில்.

மாலில் அந்த ஜப்பான் கடை உணவரங்கத்தின் ஓரத்தில் இருந்தது. சுற்றிலும் நாற்காலிகள். ராத்தா ஒன்றை இழுத்தாள். உட்காரக் கூடாது, அங்கே நின்றுதான் சாப்பிட வேண்டும், இப்போதே பழக வேண்டும் என்றார் மச்சான். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உட்கார்ந்தேன். என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் வாய்க்கு அவர் பயப்படுவார்.

வந்தது உருண்டையாகப் பணியாரம் மாதிரி. உள்ளே எட்டுக்கால் பேய்க்கணவாய்த் துண்டு, மேலே இனிப்பாக ஒரு சாஸ், அதன் மேல் ஆவியில் நெளிகிற மெல்லிய மீன் சீவல். இதை ஜப்பான்காரன் எப்படிச் சாப்பிடுவான் என்று மச்சான் விளக்கினார். குச்சியால் குத்தி, முழுசாக ஒரே வாயில். கடிக்கக் கூடாது. பிட்டுச் சாப்பிடுவது நாகரிகமில்லை. அவர் பார்த்த வீடியோவில் அப்படித்தான் இருந்ததாம். சொல்லிவிட்டுச் செய்தும் காட்டினார்.

பணியாரத்தின் வெளித்தோல் ஆறியிருந்தது. உள்ளே மாவு கூழாகக் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஜப்பானில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரிந்திருக்கும். மச்சானின் கண்கள் முதலில் விரிந்தன, பிறகு நிறைந்தன. துப்ப முடியாது, ஜப்பான்காரன் துப்ப மாட்டான். விழுங்கினார். சாமி வந்தவர் மாதிரி நின்ற இடத்திலேயே இரண்டு தரம் குதித்தார். பிறகு நாக்கை வெளியே நீட்டிக் கையால் விசிறிக்கொண்டார்.

"நல்லாருக்கா மச்சான்?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அன்று அவர் என் வீட்டுக்காரரைப் போல இருந்த ஒரே தருணம் அது.

ராத்தா ஓடிப்போய் ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ் வாங்கி வந்தாள். காலை இழுத்து நடந்தவள் ஓடினாள் என்பதை நான் மறக்கவில்லை. அவர் மறந்துவிட்டார். ஜூஸ் டம்ளரைக் கையில் வைத்தபடியே, நேரமாகிவிட்டது, திரும்புகிற ரயிலும் ஒத்திகையில் சேர்த்தி என்று சைகையால் எங்களை மெட்ரோவுக்கு ஓட்டினார். அவர் டம்ளரைப் பைக்குள் நிறுத்திக்கொண்டு உள்ளே போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பெட்டியில் உட்கார இடமில்லை. சனிக்கிழமை மாலை, தோளோடு தோள். ராத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். மச்சான் பையிலிருந்து டம்ளரை எடுத்து, ஸ்ட்ராவை வாயில் வைத்து, நாக்கு நனைய உறிஞ்சினார். மெட்ரோவில் சாப்பிடவும் கூடாது, குடிக்கவும் கூடாது. ஒவ்வொரு கதவிலும் படம் போட்டு எழுதியிருக்கிறது. துபாய்க்கு நேற்று வந்த ஆளுக்கும் தெரியும். அதே பெட்டியில் பரிசோதகர் ஒருவர் வந்துகொண்டிருந்தார்.

அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். சார், இங்கே குடிப்பதற்கு அபராதம் உண்டு என்றார். மச்சான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். உருதுவில் நாக்குக்கு ஜபான் என்று பெயர். நாக்கு வெந்துவிட்டது என்பதை அவர் அந்த வெந்த நாக்கால் சொன்னார்.

"பாய், ஜபான் ஜல் கயா."

பரிசோதகருக்கு உருது தெரிந்திருந்தது. அவர் சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு, மன்னிக்கணும் பாய் என்று சொல்லி ரசீதைக் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்கு உருது அரைகுறை. ஜப்பான் எரிந்துபோய்விட்டதாக அர்த்தம் செய்துகொண்டு என்னிடம், "எப்ப? செய்தியில வரலியே?" என்று கிசுகிசுத்தார். எதிரே இருந்த பாகிஸ்தானிப் பையன்கள் வெளிப்படையாகவே சிரித்தார்கள். ரயிலில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவர், பெட்டி முழுக்கச் சிரிக்க நடுவில் நின்றார்.

அத்தோடு விட்டிருந்தால் சரி. ரசீதை மடித்துப் பையில் வைத்தவர் ராத்தா பக்கம் திரும்பி, இந்த ஜூஸை வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டார். அவருடைய நாக்கு அதற்கு மட்டும் நன்றாகச் சுழன்றது.

அடுத்த ஸ்டேஷன் எங்களுடையதல்ல. கதவு திறந்ததும் ராத்தா இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். ஆண்கள் இருவரும் கதவு மூடுவதற்குள் விழுந்தடித்து வந்தார்கள். ராத்தா பிளாட்பாரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் மச்சானுக்குச் சமாளிக்கத் தெரியும், அதற்கு அவரிடம் ஐஸ்கிரீம் என்று ஒரு வழி இருந்தது.

மச்சான் எதிரே நின்று, இது நம் ஸ்டேஷன் இல்லை, அடுத்த ரயில் வருகிறது, ஏறு என்றார். அது வந்தது, போனது. இன்னொன்றும் போனது.

"ஒசாகா நாள எனக்குக் குடுத்துருங்க," என்றாள் ராத்தா. "அன்னைக்கி நானும் இவளும் எங்களுக்குத் தோணுன மாதிரி இருந்துக்குவோம். இல்லாட்டி நான் வரல. டிக்கெட்ட என்ன வேணும்னாலும் பண்ணிக்கங்க."

"அப்ப பிளான்?"

"அது ஒங்ககிட்டயே இருக்கட்டும். அத யாரு கேட்டா?"

கல்யாணமான நாளிலிருந்து ராத்தா அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தவே இல்லை. காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். மச்சான் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் பழக்கதோஷத்தில் தலையாட்டினார். யாருக்கு ஆட்டினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மச்சான் அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு, சரி என்றார்.

அதன் பிறகு பயணம் வரை அவர் முறைப்பாகவே இருந்தார். குடும்பக் குழுவில் வெளிநாட்டில் வழி தவறிய பெண்களைப் பற்றிய வீடியோக்களைப் போட்டார். ராத்தா எல்லாவற்றுக்கும் கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினாள்.

ஒசாகாவில் அந்த நாள் வந்தது. மச்சான் விடியும் முன்பே என் வீட்டுக்காரரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் வெயில் வந்த பிறகு எழுந்தோம். ரூமில் இருந்த கெட்டிலில் தேத்தண்ணி போட்டு, கொண்டுபோன ரஸ்க்கைத் தொட்டுச் சாப்பிட்டோம். பிறகு ஹோட்டல் வாசலில் இறங்கி இடது பக்கம் நடந்தோம். இடது பக்கம் என்பதற்குக் காரணம் எதுவுமில்லை. அந்தப் பக்கம் வெயில் அடித்தது.

கொஞ்ச தூரத்திலேயே ஒரு சின்னக் கடைத்தெரு. எந்த வீடியோவிலும் வராத தெரு. போர்வைக் கடை, பல் டாக்டர், சட்டிபானைக் கடை, மீன்கடை. சட்டிபானைக் கடையில் ராத்தா ரொம்ப நேரம் இருந்தாள். மீன் செதில் உரிக்கிற பித்தளைக் கருவி ஒன்று எடுத்தாள். கைக்குள் அடங்குகிற அளவு. கால்குலேட்டரில் விலையைக் குறைத்துத் தட்டிக் காட்டினாள். கடைக்கார அம்மாள் பழைய விலையையே திரும்பத் தட்டிக் காட்டினாள். இப்படி நாலைந்து தரம் நடந்தது. இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது போலத்தான் தெரிந்தது. கடைசியில் சொன்ன விலைக்கே வாங்கினாள்.

மீன்கடை வாசலில் அடுப்பில் உப்புத் தடவி மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வண்டியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. இரண்டையும் வாங்கினோம். மீன்கடைப் பெண் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ராத்தாவுக்குக் காட்டினாள். அவள் காலைப் பார்த்திருக்க வேண்டும். ராத்தா அதில் உட்கார்ந்து மீனைப் பிட்டுக்கொண்டே அந்தப் பெண்ணிடம், எங்கள் ஊர் வாளைமீன் பற்றித் தமிழில் சொன்னாள். அந்தப் பெண் ஜப்பான் பாஷையில் ஏதோ சொன்னாள். ஒருவர் பேசியது மற்றவருக்கு மனசால் புரிந்தது என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். ஒன்றும் புரியவில்லை. ஆனால் யாரும் எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை. வெயில் எங்கள் பக்கத்திலிருந்து நகர்ந்து எதிர்க்கடைக்குப் போகும் வரை இருந்தோம்.

ஆண்கள் மாலையில் திரும்பினார்கள். மச்சான் ஷூவோடு கட்டிலில் சாய்ந்தார். விவரமெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். முதல் ரயிலையே எதிர்த் திசையில் ஏறிவிட்டார்களாம். கோட்டையை வெளியே இருந்து பார்த்தார்களாம். வாய்க்கால் ஓரத்தில் அந்தப் பணியாரத்துக்கு நீண்ட வரிசையில் நின்று, கையில் வாங்கிய பிறகு மச்சான் அதைக் குச்சியில் குத்தி வாயருகே வைத்துப் படம் எடுக்கச் சொன்னாராம். தம்பி எடுத்த அதே கோணத்தில். எடுத்து முடிந்ததும் தட்டை அப்படியே என் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டாராம். இவர் ஆறவைத்து எல்லாவற்றையும் தின்றிருக்கிறார். நல்ல ருசி என்றார். அந்தப் படம் குடும்பக் குழுவில் இப்போதும் இருக்கிறது. தம்மாம் தம்பி அதற்குப் பதிலே போடவில்லை. அவர் அப்போது நியூசிலாந்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மச்சான் பிறருக்கு வழிகாட்டுகிறார். போன மாதம் அவர் ஃப்ளாட்டில் ஐந்தாறு குடும்பங்கள் கூடின. எல்லோரும் இந்த டிசம்பரில் ஜப்பான் போகிறவர்கள். அதே டிவி, அதே நிறங்கள். பாதி பேச்சில் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் தெரியாத ஒரு கடைத்தெரு இருக்கிறது, நானே தேடிக் கண்டுபிடித்தது என்று ஆரம்பித்தார். நாங்கள் சொல்லி அவர் கேட்ட சுட்ட மீன், கிழங்கு, மரப்பெட்டி எல்லாம் வந்தன. மரப்பெட்டியில் உட்கார்ந்தவராக அவரே வந்தார். ஒரு இளம்பெண் போனில் குறித்துக்கொண்டே, நீங்கள் தங்கிய ஹோட்டலிலிருந்து எந்தப் பக்கம் அங்கிள் என்று கேட்டாள்.

"ரைட்," என்றார் மச்சான்.

ராத்தா தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். லெஃப்ட் என்று சொன்னாள். அவர் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி அடுத்த நிறத்துக்குப் போனார். அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை. எல்லோருக்கும் கிளாஸை நீட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஹோட்டலிலிருந்து வலது பக்கம் போனால் ஒரு மேம்பாலம் வரும். அதற்கு அடியில் கார் நிறுத்துகிறார்கள்.